பதினாறு ஸ்பிரிங்குகளும் ஒரு மரத்துண்டும்

எஞ்சின் பட்டறையில் அவளுக்குப் புள்ளியக்கா என்ற பெயர் விழுந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது விழுந்தது. கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, வரிசையாக அடுக்குவது மட்டுமே அப்போது அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. ஒருநாள் கடைசல்காரர் ஒரு பிஸ்டனை அளந்து, "எண்பத்தொம்பது" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதப் போனார்.

"எண்பத்தொம்பது புள்ளி ரெண்டுங்க" என்றாள், பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்தவள்.

மறுபடியும் அளந்தார்கள். புள்ளி இரண்டு இருந்தது. கடைசல்காரருக்கு முகம் சிறுத்துவிட்டது.

"என்னம்மா, கண்ணுலயே அளவுகோல் வெச்சிருக்கியா?"

"இல்லீங்க. நீங்க தேநீர் குடிக்கப் போனப்ப நான் எடுத்து அளந்து பார்த்தேன். சும்மா, ஆசைக்கு."

ஆசைக்கு அளந்து பார்க்கிற ஒருத்தியை முதலாளி அதற்கு முன் கண்டதில்லை. அந்த மாதமே அளவறையின் சாவி அவள் கைக்கு வந்தது. ஒரே சன்னல், துத்தநாகத் தகடு வேய்ந்த மேசை, கண்ணாடிக் கதவிட்ட அலமாரி, அதற்குள் பஞ்சுமெத்தையில் படுத்திருக்கும் வெர்னியர் அளவியும் முள் காட்டும் டயல் கேஜும். மூலையில், ஸ்பிரிங்கை அழுத்தி அதன் வலுவைக் காட்டும் ஒரு கருவி. பட்டறைக்குள் வரும் ஒவ்வோர் எஞ்சினுக்கும் அவள் ஒரு மஞ்சள் அட்டை எழுதுவாள். அந்த அட்டையில் ஏறிய எண்ணை முதலாளிகூடக் கேள்வி கேட்டதில்லை. "காகிதத்துல அச்சடிச்சது ஆயிரம் இருக்கும், அக்கா அளந்தது என்னன்னு பாரு" என்பதே அங்கே பேச்சு.

வீட்டிலும் அப்படியே. அலமாரித் தட்டு கோணலாக இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. மாடியில் குடியிருந்த நாத்தனார், ஏரியின் அக்கரையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர், வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவார்: "என் தம்பி பொண்டாட்டி உப்புப் போடறதுக்கு முன்னாடி அந்த உப்பையே அளந்து பார்ப்பா. அப்புறம் போடவே மறந்துடுவா."

அந்தத் தம்பி, அவள் கணவன், ஏரியில் பயணிகள் படகு ஓட்டுபவன். அவர்கள் திருமணமே பட்டறையில் தொடங்கியதுதான். முதலில் அவன் எண்ணெய் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். அடுத்த வாரம் நீர் பம்பு. அதற்கடுத்த வாரம் அவன் கொண்டுவந்த பாகத்தை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்ன கோளாறு?"

"அளந்து பார்த்தாத்தானே தெரியும்?"

"அளந்துட்டேன். தேய்மானமே இல்ல."

"அப்படியா? சரி, நாளைக்கு வேற ஒண்ணு கழட்டிட்டு வரேன்."

கடைசல்காரர் கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்த சிரிப்பு அவளுக்கு இன்றும் காதில் இருக்கிறது.

அவனது படகில் இருந்தது எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய பெட்ரோல் எஞ்சின். பதினாறு வால்வுகள். கேம் தண்டு சுழலும்போது அதன் மேடுகள் டேப்பட்டுகளைத் தூக்கும். டேப்பட்டுகள் வால்வுகளைத் திறக்கும். திறந்த வால்வை உரிய நேரத்தில் இழுத்து மூடி, டேப்பட்டைக் கேமை விட்டு விலகாமல் பிடித்து வைப்பது ஸ்பிரிங்கின் வேலை. வலுக் குறைந்தால் வால்வு நேரத்துக்கு மூடாமல் அந்தரத்தில் மிதக்கும். வலு மிகுந்தால் அடியிலிருப்பதை அரைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதை, அவள் பிறர் பிள்ளைக்குச் செருப்பு வாங்குவதைப் போல அத்தனை யோசனையுடன் செய்வாள்.

சென்ற ஆண்டு அந்த எஞ்சினுக்கு வேகம் கூட்டுவதற்காகப் பெரிய கேம் ஒன்றை வாங்கினார்கள். மேடுகள் உயரமானவை. அதனுடன் வந்த டேப்பட்டுகளும் புதிய வகையைச் சேர்ந்தவை: காலில் உருளை, வயிற்றில் எண்ணெய். ஹைட்ராலிக் ரோலர் என்றார்கள். பழைய டேப்பட்டைவிடக் கனமானவையாதலால் வலுவான ஸ்பிரிங் வேண்டியிருந்தது. அவளே அளந்தாள், அவளே தேர்ந்தெடுத்தாள். ஒரு ஸ்பிரிங்குக்குள் இன்னொரு ஸ்பிரிங் புகுந்த இரட்டை வகை. படகு பாய்ந்தது. அக்கரைக்குப் போகும் நேரம் பாதியாகக் குறைந்தது. பதினோரு வாரம் அவன் தரையில் கால் பாவாமல் திரிந்தான்.

பன்னிரண்டாவது வாரத்தில், மேகம் திரண்டு வந்த ஒரு பிற்பகலில், இருபது பயணிகளுடன் ஏரியின் நடுவே அந்த எஞ்சின் ஒரே ஒரு 'டங்' என்ற ஒலியுடன் நின்றது. காற்று படகைத் தள்ளிக்கொண்டுபோய்க் கோரைப்புல்லுக்குள் செருகியது. வேறு படகுகள் வந்து இழுத்துக் கரை சேர்க்க மூன்று மணி நேரமாயிற்று. யாருக்கும் கீறல்கூட இல்லை. படகிலிருந்த நாத்தனாரின் இடது கால் செருப்பு மட்டும் ஏரியோடு போயிற்று. ஆனால் கைக்குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த ஒரு தாயின் முகத்தை அவன் மறக்கவில்லை.

பட்டறையில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைத் திறந்தார்கள். பன்னிரண்டாவது வால்வின் உள் ஸ்பிரிங் மூன்று துண்டாகக் கிடந்தது. வால்வு கீழே விழுந்து பிஸ்டனைக் குத்தியிருந்தது.

"ஸ்பிரிங் ஒடியணும்னா ரெண்டுதான் காரணம்" என்றார் முதலாளி. "ஒண்ணு, அளவு தப்பு. இல்லன்னா அளவுக்கு மீறின வேகம்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மஞ்சள் அட்டையை எடுத்துவந்து எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். கூட்டினாள், கழித்தாள். "அளவெல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

அதற்குப்பின் யாரைப் பார்ப்பது என்று ஒருவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மழைக்கு முன்னாடி கரை சேர்ந்துடணும்னு கொஞ்சம் அழுத்திட்டேன்" என்றான். "என் கைதான் அவசரப்பட்டுடுச்சு."

பேச்சு அத்துடன் முடிந்தது. எஞ்சினைப் பழுதுபார்த்து, பழைய சின்ன கேமையும் பழைய டேப்பட்டுகளையுமே மறுபடி பொருத்தினார்கள். மறுநாள் அவன் ஒரு மரத்துண்டை இழைத்து, வேகத்தைக் கூட்டும் விசைக்கோலின் பாதையில் பாதித் தூரத்தில் இரண்டு திருகாணிகளால் முடுக்கினான். இனிமேல் கை நினைத்தாலும் கோல் அதைத் தாண்டாது. அன்றுமுதல் படகுத்துறையில் அவன் பெயர் அரைவேகம். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே கையசைத்தான். நாத்தனார் மட்டும் ஏறவில்லை. ஏரியைச் சுற்றிப்போகும் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் குலுங்கிக்கொண்டு போனார்.

பதினான்கு மாதங்கள் இப்படியே கழிந்தன. அக்கரை ஆலையில் வேலை தொடங்கும் நேரத்தை முன்னால் தள்ளியபோதுதான் மறுபடி பேச்சு எழுந்தது. படகு விரைந்து போகாவிட்டால் பயணிகள் அத்தனைபேரும் பேருந்துக்கு மாறவேண்டியிருக்கும். எண்ணெய்த்துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்த பெரிய கேமை இறக்கினார் முதலாளி.

"போடுங்க" என்றான் அவன். "ஆனா நான் மரத்துண்டை எடுக்கமாட்டேன். சொல்லிட்டேன்."

"எடுக்கலன்னா எதுக்குய்யா பெரிய கேமு? யானையைக் கட்டிப்போட்டுட்டு நடக்கச் சொல்ற கதையா இருக்கு!"

"அரைவேகத்துலயும் கொஞ்சம் கூடத்தானே போகும்? அது போதும்."

அவள், இந்த முறை இன்னும் ஒருபடி கவனமாகத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

வலுவான ஸ்பிரிங்கை அழுத்தி அழுத்தி அவளுடைய வலது மணிக்கட்டு பழுதாகியிருந்தது. தட்டைப் பிடித்தாலே சுருக்கென்று குத்தும். அவன் அதைக் கவனித்திருந்தான். வேலை தொடங்குவதற்கு முந்தைய மாலை, சட்டைப்பையிலிருந்து இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகளை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இது எங்க கிடைச்சுது?"

"ரெண்டு பழைய மருந்து தெளிப்பான் படகுத்துறையில கிடந்துச்சு. அதுக்குள்ள இருந்தது. அளக்கறப்ப வால்வைச் சும்மா பிடிச்சு வெச்சிருந்தா போதாதா? இந்தப் பூனைக்குட்டி ஸ்பிரிங்கைப் போட்டுக்கோ. அந்த எருமையை எதுக்கு நாளெல்லாம் அழுத்திக்கிட்டிருக்க?"

இருபத்திரண்டு ஆண்டுகளில் அவளுக்கு இது தோன்றவில்லை. உண்மையான ஸ்பிரிங்கைப் பொருத்தித்தான் அளப்பாள். பழைய டேப்பட்டுகள் கெட்டியான இரும்பு. எதை வைத்து அளந்தாலும் ஒன்றுதான் என்று பழகியிருந்தாள். ஆகையால் அவன் மனம் கோணாதிருக்கட்டும் என்றே மறுநாள் அந்த மெல்லிய ஸ்பிரிங்குகளைப் பொருத்தினாள். வால்வின் தலையில் டயல் கேஜை நிறுத்தி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுழற்றினாள். முள் ஏறிக்கொண்டே போய் நின்றது.

பதினான்கு புள்ளி ஆறு மில்லிமீட்டர்.

கேஜ் நழுவியிருக்கவேண்டும். மறுபடி நிறுத்திச் சுழற்றினாள். பதினான்கு புள்ளி ஆறு. அடுத்த வால்வு. அதுவும் அதுவே. கேமுடன் வந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். அதிலும் பதினான்கு புள்ளி ஆறு என்றே அச்சிட்டிருந்தது. பிறகு சென்ற ஆண்டின் மஞ்சள் அட்டையை எடுத்தாள். அவளுடைய குண்டு குண்டான கையெழுத்து: 'வால்வு திறக்கும் உயரம் 13.0. காகிதத்தில் தவறாகக் கூடுதலாக அச்சிடப்பட்டுள்ளது.' அந்தக் கடைசி வரியை எழுதியபோது தனக்கு இருந்த பெருமிதம்கூட நினைவுக்கு வந்தது. காகிதத்தின் தவற்றைக் கண்டுபிடித்துவிட்டதாக முதலாளியிடம் காட்டியிருந்தாள்.

சென்ற ஆண்டின் ஒடியாத ஸ்பிரிங்குகள் ஒரு தகரப்பெட்டியில் இருந்தன. மணிக்கட்டு வலிக்க வலிக்க அவற்றில் ஒன்றை அழுத்திப் பொருத்தினாள். இந்த முறை முள்ளைப் பார்க்காமல் டேப்பட்டைப் பார்த்துக்கொண்டு சுழற்றினாள்.

கேமின் மேடு ஏறத் தொடங்கியது. ஆனால் வால்வு அசையவில்லை. டேப்பட் தன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. எண்ணெய் நிரம்பாத வயிற்றுடன் இருந்த டேப்பட், மேலிருந்து அழுத்திய வலுவான ஸ்பிரிங்குக்குத் தலைவணங்கிச் சத்தமில்லாமல் அமுங்கியது. அமுங்கி முடித்த பிறகே வால்வு திறக்கத் தொடங்கியது. முள் பதின்மூன்றில் நின்றது.

எஞ்சின் ஓடும்போது டேப்பட்டுக்குள் எண்ணெய் நிரம்பியிருக்கும். அப்போது அது அமுங்காது. வால்வு முழுவதுமாக, பதினான்கு புள்ளி ஆறுக்கே திறக்கும்.

அவள் அட்டையின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் உயரம் நாற்பத்தாறு புள்ளி ஐந்து. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும் உயரம் முப்பத்தொன்று புள்ளி ஐந்து. பதின்மூன்று திறந்தால் தாராளமாக இரண்டு மில்லிமீட்டர் மிஞ்சும் என்றுதான் அந்த ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தாள். பதினான்கு புள்ளி ஆறு திறந்தால் மிஞ்சுவது பூஜ்யம் புள்ளி நான்கு.

தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாள். ஏறத்தாழ அதே தடிமன்தான். பதினோரு வாரம் அந்தச் சுருள்கள் ஒரு நகத்தின் இடைவெளியில் ஒன்றோடொன்று மோதி மோதி, கடைசியில் ஒன்று ஒடிந்துபோயிற்று. எந்தக் கையும் அவசரப்பட்டிருக்கவேண்டியதில்லை.

மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே கடைசல்காரர் எட்டிப் பார்த்தார். அவளைவிட மூத்தவரானாலும், அந்தப் பிஸ்டன் நாளுக்குப்பின் அவரும் அவளை அக்கா என்றே கூப்பிடுவார். முதலில் கேலிக்கு, பிறகு பழக்கத்துக்கு. அவள் எஞ்சினைச் சுழற்றிக் காட்டினாள். ஒருமுறை மெல்லிய ஸ்பிரிங்குடன், ஒருமுறை வலுவானதுடன். அவர் நெடுநேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"யாருக்குக்கா தெரியும் இது?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்ப யாருக்கும் தெரியாதுன்னு வெச்சுக்கோ. நான் செவிடு, ஊமை, எல்லாம். புதுசா சரியான ஸ்பிரிங்கைப் போட்டுட்டா முடிஞ்சுபோச்சு. பழைய அட்டை மண்ணெண்ணெய்ல விழுந்துடுச்சுன்னு சொல்லிடு. இருபத்திரண்டு வருஷப் பேரை ஒரு அட்டைக்காகக் கெடுத்துக்கணுமா?"

"பேரு கெடறது கிடக்கட்டும். அவரு அந்த மரத்துண்டை எடுக்கமாட்டாரே."

"எடுக்கலன்னா போகட்டுமேக்கா. மெதுவா போனா என்ன குறைஞ்சா போயிடும்?"

பதினான்கு மாதங்களாக அவன் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிடும்போதும், துறையில் கயிறு கட்டும்போதும், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல.

மாலையில் வீட்டுக்குப் போனபோது அவன் கூடத்தில் உட்கார்ந்து நாத்தனாரின் குடைக்கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான். நாத்தனார் எதிரில் காலை நீட்டி அமர்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கும் பஸ்ஸு ஒரு பள்ளத்துல இறங்கிச்சுடா. என் நெஞ்சு வாய்க்கு வந்துட்டு மறுபடி உள்ள போச்சு. எல்லாம் உன் அவசரக் கையால வந்த வினை."

"ஆமாக்கா" என்றான் அவன், கம்பியை வளைத்துக்கொண்டே.

தனியாகச் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துவந்தாள். அந்த 'ஆமாக்கா'வைக் கேட்டதும் அவளால் பொறுக்கமுடியவில்லை. கைப்பையைக்கூட இறக்காமல் நின்றபடியே சொன்னாள்.

"அண்ணி, அது இவரு கை இல்ல. என் கை."

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் சொல்லத் தொடங்கினாள். டேப்பட் அமுங்கியதையும், முள் பொய் சொன்னதையும், காகிதம் மெய் சொன்னதையும், ஒன்றும் விடாமல். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். எண்களை வரிசையாகச் சொல்வது.

"நான் தப்பா அளந்தேன். அப்புறம் எல்லார் முன்னாடியும் அளவு சரியா இருக்குன்னும் சொன்னேன். அதனாலதான் பழி உங்க தலையில விழுந்துச்சு."

நாத்தனார் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். பிறகு மெல்ல, "அப்ப நான் பதினாலு மாசமா தப்பான ஆளையா திட்டிட்டிருந்தேன்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அவன் குடையை ஓரமாக வைத்தான். "எவ்வளவு மிஞ்சியிருந்துச்சு?"

"பூஜ்யம் புள்ளி நாலு."

அவனும் தன் நகத்தைத்தான் பார்த்தான். பிறகு எழுந்து, "துறைக்குப் போய்க் கயித்தைப் பார்த்துட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

"கோவமா போறான்" என்றார் நாத்தனார். "போகட்டும். கோவப்படவேண்டியதுதானே? நீ முதல்ல பையை இறக்கி வெச்சு உட்காரு. முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு." என்று சொல்லி, தாமே எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார். அவள் அளவு பார்க்காமல் குடித்தாள்.

அவன் திரும்பி வந்தான், சாப்பிட்டான், சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். மறுநாளும் அப்படியே. முகம் கொடுத்துப் பேசாமல் இல்லை. ஆனால் பேச்சு வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவதுபோல இருந்தது. மூன்றாம் நாள் காலை, அவளுடைய மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"பதினாலு மாசம், புள்ளி."

"தெரியும்."

"உன்மேல கோவம் இல்ல. இருந்துச்சு, நேத்து வரைக்கும். என்மேலதான் ஆச்சரியமா இருக்கு. அன்னைக்கு நான் அவ்வளவு ஒண்ணும் வேகமா போகல. எனக்கே தெரியும். வேகம் காட்டற அந்த முள்ளு எங்க இருந்துச்சுன்னுகூட ஞாபகம் இருக்கு. ஆனா நீ அளவு சரின்னு சொன்னதும், அப்ப என் கைதான் தப்புன்னு முடிவு கட்டிட்டேன். உன் அளவு தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

"தோணியிருக்கணும்."

"எப்படித் தோணும்? தேய்மானமே இல்லாத பாகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். அப்பவே கண்டுபிடிச்சவ நீ."

அவள் அழுதாள். அவன் தைலக் கையுடன் அவள் கண்ணைத் துடைக்கப் போக, கண் எரிந்து இன்னும் கொஞ்சம் அழவேண்டியதாயிற்று.

அன்று பட்டறையில் மூன்றுவகை ஸ்பிரிங்குகள் வந்து சேர்ந்திருந்தன. முதலாளி நேராக மிகத் தடித்த வகையைக் கையிலெடுத்தார். முந்தைய நாளே அவள் அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, "நானும்தானே பக்கத்துல நின்னு தலையாட்டினேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"இருக்கறதுலயே வலுவானதைப் போட்டுட்டா வம்பே இல்லையேம்மா?"

"அது ஓடறப்பவும் டேப்பட்டை அமுக்கப் பார்க்கும். உருளையும் சீக்கிரம் தேஞ்சுடும். இந்த மெல்லிசு வேகத்துல பின்தங்கிடும், டேப்பட்டு கனமாச்சே. நடுவுல இருக்கே, இதோட வலு போதும். கட்டையாகற உயரம் முப்பது. அப்ப ஒண்ணு புள்ளி ஒம்பது மிஞ்சும்."

"இது உறுதிதானா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக அவரே சங்கடப்பட்டார்.

"கேளுங்க. இனிமே கேட்டுக்கிட்டே இருங்க" என்றாள் அவள். அந்தப் பூனைக்குட்டி ஸ்பிரிங்கைப் போட்டு அவர் கண்முன் மறுபடி அளந்தாள். பிறகு கடைசல்காரரைக் கூப்பிட்டு அவரையும் அளக்கச் சொன்னாள். இருவருக்கும் ஒரே எண் வந்தது. பெட்டியிலிருந்த நடுவகை ஸ்பிரிங்குகள் இருபதையும் ஒவ்வொன்றாகக் கருவியில் அழுத்திப் பார்த்து, வலு மாறுபட்ட மூன்றை ஒதுக்கி, மிஞ்சியவற்றிலிருந்து பதினாறைப் பொறுக்கினாள்.

பழைய மஞ்சள் அட்டையை அவள் கிழிக்கவில்லை. அதன் அடியில் எழுதினாள்: 'மேற்கண்ட அளவு தவறு. எண்ணெய் இல்லாத ஹைட்ராலிக் டேப்பட், வலுவான ஸ்பிரிங்கின்கீழ் அமுங்கிவிட்டது. காகிதத்திலிருந்த எண்ணே சரி. தவறு அளந்தவருடையது.' கையெழுத்திட்டு, அளவறையின் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

"வர்றவங்க போறவங்க பார்ப்பாங்களேக்கா" என்றார் கடைசல்காரர்.

"பார்க்கத்தான்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். மதியம் அவள் திரும்பி வந்தபோது, தெளிப்பானிலிருந்து வந்த மெல்லிய ஸ்பிரிங்குகள் இரண்டும் அதே ஆணியில் நூல்கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. அவரேதான் தொங்கவிட்டிருந்தார். கீழே சாக்பீஸால், 'முதலில் பூனைக்குட்டி, பிறகு எருமை' என்று எழுதியும் வைத்திருந்தார். அந்தப் பேச்சு அவர் காதுக்கு எப்படிப் போயிற்று என்பதை அவள் விசாரிக்கவில்லை.

வெள்ளோட்டத்துக்கு ஒரு தெளிந்த காலையைத் தேர்ந்தெடுத்தார்கள். பயணிகள் வேண்டாம் என்றான் அவன். ஆனால் அவர்கள் துறைக்குப் போனபோது நாத்தனார் அங்கே முன்னதாகவே வந்து, சரிசெய்த குடையை ஊன்றிக்கொண்டு, இரண்டு செருப்பையும் கயிறு போட்டுக் காலோடு கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னக்கா இது?"

"முன்னெச்சரிக்கை. கையைக் கொடுடா."

எஞ்சின் ஒரே திருப்பில் உயிர்பெற்றது. முதலில் டேப்பட்டுகள் டக்டக்கென்று முணுமுணுத்தன. எண்ணெய் நிரம்பியதும் ஒவ்வொன்றாக அடங்கின. அவள் எஞ்சின் பெட்டியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படகு துறையை விட்டு விலகியது. அவன் விசைக்கோலை மெதுவாக முன்னே தள்ளினான். கோல் மரத்துண்டில் போய் முட்டி நின்றது.

அவன் கையும் அங்கேயே நின்றது. ஏரி அவர்களுக்கு முன்னால் காலியாக விரிந்து கிடந்தது. கோரைப்புல் இருக்கும் பக்கத்தை அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். 'நம்புங்கள்' என்று சொல்ல அவளுக்கு நாக்குத் துடித்தது. பதினான்கு மாதங்களுக்கு முன் அவளை அப்படி நம்பியதால்தானே எல்லாம் நடந்தது என்று அடக்கிக்கொண்டாள். அதற்குப் பதிலாக, மடியிலிருந்த புதிய மஞ்சள் அட்டையை அவனிடம் நீட்டினாள்.

"நீங்களே கழிச்சுப் பாருங்க."

அவன் அட்டையைச் சுக்கானின்மேல் வைத்து, உதடு அசைய அசைய, விரல்விட்டுக் கழித்தான். ஒருமுறை தப்பாக வந்திருக்கவேண்டும். மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். அவள் திருத்தாமல் காத்திருந்தாள்.

"ஒண்ணு புள்ளி ஒம்பது."

"ஆமாம்."

"நல்லா தாராளமாத்தான் இருக்கு" என்றான். சட்டைப்பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்தான். அது இன்று காலையிலிருந்தே அவன் பையில் இருந்ததா, பல மாதங்களாகவே இருந்ததா என்பது அவளுக்குத் தெரியவில்லை. துருப்பிடித்திருந்த முதல் திருகாணி முரண்டுபிடித்தது. இரண்டாவது எளிதில் கழன்றது. மரத்துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கோலைப் பிடித்தான்.

படகு முன்னங்காலைத் தூக்கியது. நீர் இருபுறமும் வெள்ளையாகப் பிளந்தது. அவளுடைய உள்ளங்கையின் கீழே பதினாறு ஸ்பிரிங்குகளும் ஒரே சீரான நடுக்கமாகத் துடித்தன. அவற்றில் ஒன்றைத் தனியே பிரித்துக் கேட்க முடியவில்லை. அதுதான் வேண்டும். அவன் முகத்தில், பம்பைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்த அந்தப் பழைய சிரிப்பு இருந்தது.

"மெதுவா போடா!" என்று பின்னாலிருந்து அலறினார் நாத்தனார், குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. "அரைவேகம்னு பேரு வாங்கினவன்தானேடா நீ! மெதுவா போடா!"

அவன் காதில் விழாதவன்போல நின்றான்.

அவள் மரத்துண்டைக் கையில் திருப்பிப் பார்த்தாள். கோல் முட்டி முட்டி அதன் ஒரு முகம் குழிந்திருந்தது. கைப்பையைத் திறந்து வெர்னியரை எடுத்தாள். குழியின் ஆழத்தை அளந்தாள். இரண்டு புள்ளி மூன்று. பிறகு, சற்று யோசித்து, இன்னொரு முறையும் அளந்தாள்.